கண்ணியமான துப்பாக்கிக் குறைப்பு

அந்த வெள்ளிக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில் சிக்ஸ்டன் ஓபெர்கின் படம் கால் பக்க அளவுக்கு வந்திருந்தது. கோட்டின் மார்பில் வெள்ளிப் பதக்கம். முன்னால் பச்சைத் துணி விரித்த மேசையில் எட்டு வேட்டைத் துப்பாக்கிகள் வரிசையாகக் கிடந்தன. அடியில் ‘எழுபத்தைந்து வயதில் ஒரு முன்மாதிரி’ என்று போட்டிருந்தார்கள்.

ஹோல்கர் பிரான்வால் அதை மூன்று தடவை படித்தார். காபி ஆறிப்போயிற்று.

“படத்துல நல்லா விழுந்திருக்கான்,” என்றாள் அவர் மனைவி குன்னெல், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு.”

“வெளிச்சம் அப்பிடி.”

“பல்லுகூட நல்லாருக்கு.”

“அது அவன் பல்லு இல்ல.”

ஹோல்கர் மரம் அறுக்கும் ஆலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிக்ஸ்டன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். ஏரிக்கு இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர். இருவரும் ஒரே வேட்டைக் குழு. இலையுதிர் காலம் வந்தால் ஒரே காட்டில் மூஸ் மானுக்குக் காத்து நிற்பார்கள். ஒரே நெருப்பில் தொத்திறைச்சி சுடுவார்கள். ஊரில் அவர்களை நண்பர்கள் என்றே சொன்னார்கள். அவர்களும் மறுத்ததில்லை.

ஆனால் சிக்ஸ்டனிடம் சீமாட்டி இருந்தது. ஆஸ்திரியாவில் ஒரு கிழவர் கையால் செய்த துப்பாக்கி. கட்டை வால்நட் மரம். வெயிலில் பிடித்தால் மரத்துக்குள் தேன் ஓடுவது போலத் தெரியும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சிக்ஸ்டன் நடக்கும்போது, பேருந்து ஓட்டியவர் நடப்பது போலவே இருக்காது. முப்பது வருஷமாக ஹோல்கர் அதற்காகக் காத்திருந்தார். சிக்ஸ்டனுக்கு இடுப்பு வலி என்று கேள்விப்படும்போதெல்லாம் அனுதாபத்தோடு போய் விசாரித்துவிட்டு வருவார். ‘விக்கிற எண்ணம் வந்தா என்கிட்ட முதல்ல சொல்லு’ என்று வாசலில் நின்று சொல்லிவிட்டும் வருவார்.

இப்போது படத்தில் வலமிருந்து மூன்றாவதாகச் சீமாட்டி கிடந்தது. சிக்ஸ்டன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“நம்மளும் குறைக்கத்தான வேணும்,” என்றாள் குன்னெல். “வசந்தத்துல டவுன் வீட்டுக்குப் போறோம். அங்க இருக்கிற அலமாரில ரெண்டுதான் நிக்கும்னு நீயே அளந்துட்டு வந்த. உன்கிட்ட ஏழு இருக்கு.”

“தெரியும்.”

“முட்டில இரும்பு வச்சாச்சு. இடது கண்ணுல லென்ஸ் வச்சாச்சு. அஞ்சைக் குடுத்துட்டு ரெண்டை வச்சுக்கோ. யாரு வேணாம்னா?”

ஹோல்கர் அதைக் கேட்கவில்லை. சிக்ஸ்டன் கொடுத்தது எட்டு, தன்னிடம் இருப்பது ஏழு என்பதையே யோசித்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு வாங்கினால் ஒன்பதாகக் கொடுக்கலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வாய்விட்டும் சொன்னார். குன்னெல் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

வேண்டாத துப்பாக்கியை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்பதற்கு அந்த நாட்டில் பெரிய சிரமம் இல்லை. வாங்குகிறவர் ஒரு விண்ணப்பம் போட்டால் தீர்ந்தது. ஆனால் வெள்ளிப் பதக்கம் வேண்டுமென்றால் மாவட்ட வேட்டைக்காரர் பேரவையின் ‘முதிய உறுப்பினர்களின் துப்பாக்கிகளைக் கண்ணியமாகக் குறைப்பதற்கான நிலைக்குழு’விடம்தான் போக வேண்டும். ஊரில் அதைச் சுருக்கமாகக் குறைப்புக் குழு என்பார்கள். பெயின்ட் கடைக்கு மேலே முதல் மாடியில் அதன் அலுவலகம் இருந்தது.

திங்கட்கிழமை ஹோல்கர் படியேறினார். குழுவின் செயலாளர் யெர்ட் என்ற அம்மாள், கழுத்தில் இரண்டு கண்ணாடிகள் தொங்க உட்கார்ந்திருந்தார். ஒன்று படிப்பதற்கு. மற்றொன்று எதற்கென்று யாரும் கேட்டதில்லை.

“எத்தனை குறைக்கிறீங்க?”

“அஞ்சு.”

“அஞ்சுன்னா பகுதிக் குறைப்பு. அதுக்குப் பாராட்டுக் கடிதம் உண்டு. பதக்கம் கிடையாது. பதக்கம் முழுக் குறைப்புக்குத்தான்.”

“சிக்ஸ்டன் முழுசாவா குடுத்தான்?”

“எட்டும். ஒரு காத்துத் துப்பாக்கி வச்சிருந்தாரு, அதையும் தானா கொண்டாந்து வச்சாரு. தலைவர் எழுந்து நின்னு வாங்கிக்கிட்டாரு.”

ஹோல்கர் பேனாவை எடுத்து, படிவத்தில் ஐந்தை அடித்து ஏழு என்று எழுதினார். அடுத்த இலையுதிர் காலத்தில் கையில் துப்பாக்கி இல்லாமல் எங்கே நிற்பது என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

யெர்ட் ஒரு பழைய கோப்பைத் திறந்தார்.

“இங்க ஒரு சிக்கல் இருக்கு. இந்த ஆறரை மில்லிமீட்டர் குண்டுத் துப்பாக்கி வாங்கறப்ப நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க, ‘உயிரோடு இருக்கும்வரை தேவைப்படும்’னு. கையெழுத்து உங்களுதுதான?”

“ஆமா. அப்ப எனக்கு இருபத்தொம்பது வயசு.”

“வயசைப் பத்தி நான் கேக்கல. நீங்க உயிரோட இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“அப்ப தேவையும் இருக்கு. தேவை இருக்கிற துப்பாக்கியை நாங்க வாங்கிக்கிட்டா அது பறிமுதல் ஆயிடும். நாங்க பறிமுதல் பண்றவங்க இல்ல. கண்ணியமானவங்க.”

“சிக்ஸ்டன் என்ன எழுதியிருந்தான்?”

“‘தற்சமயம் தேவைப்படுகிறது.’ முன்யோசனை உள்ள மனுஷர்.”

ஹோல்கருக்குக் காது சூடாயிற்று. அந்தக் காலத்திலேயே சிக்ஸ்டன் தன்னைவிடப் புத்திசாலியாக இருந்திருக்கிறான் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

தேவை போய்விட்டது என்று நிரூபிக்க ஒரு வழி இருந்தது. அதன் பெயர் இயலாமைத் தேர்வு. எண்பது மீட்டர் தூரத்தில் பலகையில் வரைந்த மூஸ் மானை நோக்கி ஐந்து குண்டுகள் சுட வேண்டும். குறைந்தது மூன்று தவறினால் தேர்ச்சி.

தேர்வு நாளன்று யெர்ட் கையில் அட்டையோடு வந்து நின்றார். ஹோல்கர் முதலில் கேட்டது, சிக்ஸ்டன் எத்தனை தவறவிட்டான் என்பதைத்தான்.

“அஞ்சும். ஒண்ணு பலகையிலகூடப் படல. அப்பிடி ஒரு தவறலை நான் பாத்ததே இல்ல.”

தானும் ஐந்தையும் தவறவிடுவது என்று ஹோல்கர் முடிவு செய்தார். மானை விட்டுவிட்டுப் பலகையின் வலது ஓரத்துக்குக் குறி வைத்தார். புதுக் கண் லென்ஸில் ஓரம் இரண்டாகத் தெரிந்தது. முட்டி நடுங்கியது. குண்டு மானின் நெஞ்சில் போய் விழுந்தது. இடது ஓரத்துக்குக் குறி வைத்தார். அதுவும் நெஞ்சில், முன்னதற்கு இரண்டு விரல் தள்ளி. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். யெர்ட் அதைப் பார்த்து, கண்ணை மூடுவது விதிமீறல் என்று எழுதிக்கொண்டார். ஐந்தில் நான்கு நெஞ்சில் பட்டிருந்தன. ஐந்தாவது மானின் காதைத் துளைத்திருந்தது.

அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாகச் சுட்டதில்லை. அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ‘தங்கள் இயலாமை இன்னும் நம்பத்தகுந்த நிலையை எட்டவில்லை. எனினும் தங்கள் வயதையும், மேற்படி ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கியின் சிறந்த நிலையையும் கருத்தில் கொண்டு, தாங்கள் அடுத்த கட்டத்துக்கு அனுமதிக்கப்படுகிறீர்கள்.’

“துப்பாக்கி நல்லாருக்கிறதுனால உன்னை அனுமதிக்கிறாங்களா?” என்று குன்னெல் கேட்டாள்.

“அது ஒரு மரியாதை.”

“யாருக்கு?”

அடுத்த கட்டம் பிரியாவிடை உரையாடல். துப்பாக்கி ஒவ்வொன்றோடும் தனியாக இருபது நிமிஷம் பேச வேண்டும். அதைக் குழுவின் இழப்பு ஆலோசகர் தூரே பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். தூரே மெலிந்த மனிதர், எப்போதும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். ஒரு வாரம் முழுக்க ஹோல்கர் வீட்டுச் சமையலறைக்கு வந்து ஏலக்காய் ரொட்டிகளைச் சாப்பிட்டார்.

“முதல் துப்பாக்கிகிட்டச் சொல்லுங்க, மனசுல இருக்கிறதை.”

ஹோல்கர் துப்பாக்கியைப் பார்த்தார். “சரி,” என்றார் அதனிடம். “நல்லா இரு.”

பத்தொன்பது நிமிஷம் கடிகாரம் ஓடியது.

“இன்னும் ஏதாவது?” என்று தூரே மெதுவாகக் கேட்டார்.

“மழையில நனைஞ்சா துடைக்கச் சொல்லணும்.”

“அதை அதுகிட்டச் சொல்லுங்க.”

“அது எப்பிடித் தன்னைத் தானே துடைச்சுக்கும்?”

தூரே நீளமாக எழுதினார். ஹோல்கருக்கு அது பிடிக்கவில்லை. “சிக்ஸ்டன் என்ன பண்ணினான்?” என்று கேட்டார்.

“அதைச் சொல்லக்கூடாது. அந்தரங்கம்.” தூரே இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டார். “ஆனா எட்டுக்கும் அழுதாரு. சீமாட்டிக்கு மட்டும் நேரம் போதாம இருபது நிமிஷம் கூடுதலாக் குடுத்தோம். கடைசில அதைத் துணில சுத்தறப்ப, குழந்தைக்குச் சுத்தற மாதிரி…”

“அவன் துணில சுத்தினானா?”

“பழைய காட்டன் போர்வைல.”

“போர்வையா?” என்றார் ஹோல்கர். “அந்தக் கட்டையைப் போர்வைல சுத்தினா ஈரம் கோத்துக்கும். அது எந்த மாதிரிக் கட்டைன்னு அவனுக்கு முப்பது வருஷமாத் தெரியல. ஒரு தடவை மழைல ஏரிக்கரையில அதை மரத்துல சாச்சு வச்சுட்டு மூத்திரம் பெய்யப் போனான். நான்தான் எடுத்து என் கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டேன். அது தோள்ல உக்கார்ற விதம் இருக்கே. நாம பிடிக்க வேணாம், அதுவா வந்து உக்காரும். ஒரே ஒரு தடவைதான் என்னைச் சுட விட்டான். அந்தச் சத்தம்…”

அவர் நிறுத்தும்போது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. முகம் நனைந்திருந்தது. தூரே கைக்குட்டையை நீட்டிவிட்டுக் குறிப்பேட்டில் ஒரே வரி எழுதினார்: ‘விண்ணப்பதாரர் அடுத்தவர் துப்பாக்கிக்காக அழுகிறார்.’

இது விதிகளில் இல்லாத துக்கம். ஆகவே குழுத் தலைவரே நேரில் விசாரிக்க வேண்டியதாயிற்று. தலைவர் ஹென்னிங் ரோசென் ஏரியின் வடமுனையில் மஞ்சள் வீட்டில் இருந்தார். வயது எழுபத்தெட்டு. உயரமானவர். யாருக்கும் கை கொடுத்தால் உடனே விடமாட்டார்.

“வாங்க ஹோல்கர். முதல்ல உள்ள போய்ப் பாத்துடுவோம். பாத்தா பாதி சந்தேகம் போயிடும்.”

கொல்லைப்புற அறை கோடையைப் போல இதமாக இருந்தது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான்கு சுவரிலும், கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால், துப்பாக்கிகள்.

“ஜனங்க தப்பாப் பேசறாங்க, ரோசென் துப்பாக்கி சேக்கறார்னு,” என்றார் தலைவர். “சேக்கறவனுக்கு ஆசை இருக்கும். எனக்கு ஆசையே கிடையாது, பாரம்தான். நான் இந்தக் குழுவுக்கு வந்தப்ப என்கிட்ட நாலுதான் இருந்துச்சு. இன்னிக்கு அறுபத்தொண்ணு. மாவட்டத்துல அந்த அளவுக்குக் குறைச்சிருக்கேன்.”

ஹோல்கர் கணக்கைப் புரிந்துகொள்ள முயன்றார். “நீங்க எப்பக் குறைப்பீங்க?”

“நல்ல கேள்வி. என்னோடதைக் குறைக்கணும்னா குழு கூடணும். குழுவுக்குத் தலைவர் நான். தன் விஷயத்துல தானே தீர்ப்புச் சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கு. எல்லாரும் என்னைக் கெஞ்சறாங்க, விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கன்னு. நான் தளர்த்தமாட்டேன்.”

“யார் கெஞ்சறாங்க?”

“என் சம்சாரம்.”

அறையின் கோடியில் ஒரு முக்காலி. அதில், கம்பளிச் செருப்பும் கழுத்தில் ‘பார்வையாளர்’ என்ற அட்டையுமாக, சிக்ஸ்டன் உட்கார்ந்திருந்தார். மடியில் சீமாட்டி. ஒரு துணியால் கட்டையை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சந்திப்பு உரிமை,” என்று தலைவர் விளக்கினார். “முழுக் குறைப்புச் செஞ்சவங்களுக்கு வாரம் ஒரு மணி நேரம். இவருக்கு வியாழன், ரெண்டுலேர்ந்து மூணு. சிக்ஸ்டன், எண்ணெய் ஜாஸ்தி. போன வாரம் வேட்டைக்கு எடுத்துட்டுப் போனேன், கை வழுக்கிச்சு. ஒரு மானை விட்டுட்டேன்.”

“மன்னிக்கணும்,” என்றார் சிக்ஸ்டன்.

ஹோல்கர் அவர் பக்கம் போனார். இருவரும் ஒரு கணம் சீமாட்டியைப் பார்த்தார்கள்.

“எப்பிடிடா இருக்கு, குடுத்ததுக்கப்பறம்?”

“லேசா இருக்கு,” என்றார் சிக்ஸ்டன் தலை நிமிராமல். “ராஜா மாதிரி இருக்கேன். எண்ணெய்கூட இவங்களே குடுத்துடறாங்க.”

ஹோல்கருக்கு வயிறு எரிந்தது. பதக்கமும் இவனுக்கு. படமும் இவனுக்கு. துப்பாக்கியைக் கொடுத்த பிறகும் மடியில் வைத்துக்கொண்டிருப்பது இவன்தான். வாரத்தில் ஒரு மணி நேரம் சீமாட்டியைத் துடைக்க விடுவார்கள் என்றால், அந்தக் குழுவுக்கு எதையும் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அன்றே எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

விழா மே மாதத்தில் தேவாலயத்துக் கூடத்தில் நடந்தது. ரொட்டி அடுக்கி, இறாலும் மயோனைஸும் பூசிய பெரிய கேக்கு. பச்சைத் துணி விரித்த மேசை. அதன் மேல் ஏழு துப்பாக்கிகள். வெல்வெட் தலையணையில் பதக்கம். பத்திரிகைப் பெண் காமிராவோடு நின்றாள். குன்னெல் நீலச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள், சவ அடக்கத்துக்கு வந்ததைப் போல.

தலைவர் எழுந்தார்.

“கைவிடறதுங்கறது பெரிய விஷயம். எல்லாராலும் முடியாது. என்னையே எடுத்துக்குங்க, என்னால முடியல. அதனாலதான் முடியறவங்களைப் பாத்தா எனக்கு அவ்வளவு மதிப்பு. போன வருஷம் இந்த மாவட்டத்துல இருபத்திரண்டு துப்பாக்கி கண்ணியமாக் குறைஞ்சுது. இடம் போதாம நான் வீட்டுல ஒரு அறை சேத்துக் கட்டினேன். யாராவது எனக்கு நன்றி சொன்னாங்களா? நான் எதிர்பாக்கல. முதியவர்களே, நம்ம காலத்துக்கப்பறம் இந்தத் துப்பாக்கிகள் தப்பான கைக்குப் போயிடக்கூடாது. அதனால நம்ம காலத்துலயே அதை என் கைக்குக் குடுத்துடறது நல்லது.”

கை தட்டினார்கள். சிலர் கேக்கைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவில் ஹோல்கர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். சிக்ஸ்டன் தன் பதக்கத்தை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் பார்வை காமிராவிலும் பச்சை மேசையிலும் வெல்வெட் தலையணையிலும் மாறி மாறிப் போயிற்று. கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை ஹோல்கருக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாகச் சவரம் செய்யும்போது தினமும் கண்ணாடியில் பார்த்த முகம் அது. சிக்ஸ்டன் தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். ஹோல்கருக்கு உடம்பெல்லாம் இதமாகப் பரவியது. அப்படியே நான்கு வினாடி நின்றார். அவர் வாழ்வில் அதைவிட நல்ல நான்கு வினாடிகள் அதிகம் இருந்ததில்லை.

ஐந்தாவது வினாடியில் பக்கத்தில் ‘களுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. தலைவர் மேசையிலிருந்து ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கியை எடுத்து, குண்டு ஏற்றும் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வழுக்கிட்டுப் போகுதே,” என்று ஹோல்கர் காதருகே சொன்னார், சந்தோஷமாக. “இந்த வருஷம் இதைத்தான் எடுத்துட்டுப் போகப்போறேன். உங்களுக்குச் சந்திப்பு புதன்கிழமை போட்டிருக்கேன். ஒண்ணரைலேர்ந்து ரெண்டரை. செருப்பு நீங்களே கொண்டாந்துடுங்க. ஆங், உங்க துப்பாக்கியை மட்டும்தான் தொடலாம். அடுத்தவங்களுது கூடாது.”

“சீமாட்டியை?”

“அது சிக்ஸ்டனுக்கு. அதுவும் வியாழன் மட்டும்.”

யெர்ட் ஒலிவாங்கியை நீட்டினார். அந்த இடத்தில் ஹோல்கர் சொல்ல வேண்டிய வாக்கியம் அட்டையில் எழுதியிருந்தது: ‘இன்று நான் இலகுவாக உணர்கிறேன்.’

ஹோல்கர் அட்டையைப் பார்த்தார். தலைவர் கையைப் பார்த்தார். அந்தக் கை இன்னும் பூட்டை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

“எனக்குத் தேவை திரும்பி வந்துடுச்சு,” என்றார்.

பத்திரிகைப் பெண் காமிராவைக் கீழே இறக்கினாள்.

“என்னது?” என்றார் யெர்ட்.

“உயிரோட இருக்கிறவரைக்கும் தேவைன்னு எழுதியிருந்தேன்ல. இருக்கேன்.”

தலைவர் சிரித்தார். “உணர்ச்சிவசப்படறார். எல்லாருக்கும் வர்றதுதான். யெர்ட், கடைசி நேர மறுப்புக்கு எந்தப் படிவம்?”

யெர்ட் கோப்பைப் புரட்டினார். ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மாட்டிக்கொண்டு மறுபடியும் புரட்டினார். “அதுக்குப் படிவம் இல்லைங்க. யாரும் மறுத்தது இல்ல.”

“அப்ப மறுக்க முடியாது.”

“மறுப்பை நிராகரிக்கவும் படிவம் இல்லைங்க.”

தலைவர் யோசித்தார். அவர் விதியைத் தளர்த்தாத மனிதர். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குன்னெல் எழுந்து மேசைக்கு வந்து, அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். “நகருங்க, கோட்டுல எண்ணெய் ஆயிடும்,” என்றாள். பிறகு கணவரைப் பார்த்து, “காரைப் பின்னாடி கொண்டாந்து நிறுத்து, ஏழையும் முன் வாசல் வழியாத் தூக்கிட்டுப் போனா அசிங்கமா இருக்கும்,” என்றாள். இரண்டு நடையில் எல்லாவற்றையும் எடுத்துப்போனார்கள். அதற்குள் கேக்கை வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் சிக்ஸ்டன் வந்து நின்றார். பதக்கத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“உனக்கு எப்பிடிடா தைரியம் வந்துச்சு?”

“ராஜா மாதிரி இருக்கேன்னு சொன்னவன்தான நீ.”

“உன் முன்னாடி வேற என்னடா சொல்லச் சொல்ற?” சிக்ஸ்டன் காரின் மேல் சாய்ந்தார். “அந்த ரோசென் பனியில போறப்பக்கூடச் சீமாட்டிக்கு உறை போடறதில்ல. கட்டைல ஒரு கீறல் விழுந்திருக்கு. விரல் வச்சு மறைச்சுக்கிட்டேதான் துடைக்கிறேன். பாக்க முடியல.”

“அப்பறம் எதுக்கு அவங்களுக்குக் குடுத்த?”

சிக்ஸ்டன் ஏரிப் பக்கம் பார்த்தார். “ரோசென் வந்து சொன்னாரு, ஹோல்கர் முழுக் குறைப்புக்கு எழுதிக் குடுத்துட்டாரு, உங்க வேட்டைக் குழுவுல முதல் பதக்கம் அவருக்குத்தான்னு. ராவெல்லாம் தூக்கம் வரல. காலைல போய்க் கையெழுத்துப் போட்டேன்.”

“நான் அப்ப எழுதியே குடுக்கல. உன் படத்தைப் பேப்பர்ல பாத்துட்டுதான் போனேன்.”

“அது இப்பத் தெரியுது.”

குன்னெல் காருக்குள்ளிருந்து ஒலிப்பானை ஒரு தடவை அழுத்தினாள்.

“என்கிட்டக் குடுத்திருக்கலாமேடா,” என்றார் ஹோல்கர். “முப்பது வருஷமாக் கேட்டேனே.”

“அதனாலதான் குடுக்கல. நீ அதை மாட்டிக்கிட்டு என் வாசல் வழியா நடந்து போறதைப் பாக்கணுமா நான்? அதுக்கு இது தேவலன்னு நினைச்சேன்.”

ஹோல்கர் அதை யோசித்தார். கோபப்பட முடியவில்லை. தானும் அதைத்தான் செய்திருப்பார்.

துப்பாக்கிகளைக் குறைப்பது அதன் பிறகு சுலபமாக முடிந்தது. வேட்டைக் குழுவிலேயே ஐந்துக்கும் ஆள் இருந்தது. பல் மருத்துவர் அம்மாள் இரண்டு எடுத்துக்கொண்டார். ரொட்டிக் கடைக்காரர் ஒன்று, சகோதரர் இருவர் ஆளுக்கொன்று. உரிம அலுவலகத்திலிருந்து ஐந்து வாரத்தில் காகிதம் வந்தது. யாரும் எந்தத் துப்பாக்கியோடும் பேசவில்லை. ஒவ்வொன்றாகக் காரில் ஏற்றி அனுப்பும்போது ஹோல்கர் வாசலில் நின்று, மழையில் நனைந்தால் துடைக்கச் சொன்னார். டவுன் வீட்டு அலமாரியில் இரண்டு கச்சிதமாக நின்றன.

செப்டம்பரில் அவர் அந்த இரண்டில் ஆறரை மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டு போய், இரவல் சீட்டோடு சிக்ஸ்டனிடம் கொடுத்தார். சீட்டு ஒரே பக்கம்தான். ஏன் கொடுத்தார் என்று குன்னெல் கேட்டபோது, “வெறுங்கையோட அவன் நெருப்புப் பக்கத்துல உக்காந்திருந்தா எனக்கு யாரைப் பாத்து எரிச்சல்படறதுன்னு தெரியல,” என்றார்.

வேட்டைக் குழுவில் சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கும் மூத்தவர்தான் யார் எங்கே நிற்பது என்று சொல்ல வேண்டும். அது இப்போது ஹோல்கர் பொறுப்பு. முதல் நாள் பெரிய மனதோடு சிக்ஸ்டனை ஓடைக்கரையில் நிறுத்தினார். ஒன்பது இருபதுக்கு ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. தன் துப்பாக்கியின் சத்தம். ஹோல்கருக்கு அது தன் வீட்டில் வேறொருவர் பாடுவதைப் போல இருந்தது. போய்ப் பார்த்தபோது எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு பெரிய ஆண் மூஸ் பாசியில் கிடந்தது. பல் மருத்துவர் அம்மாள், வேட்டை அடித்தவருக்குச் செய்யும் மரியாதையாக, தேவதாரு மரக் கிளை ஒன்றை ஒடித்து சிக்ஸ்டனின் தொப்பியில் செருகிக்கொண்டிருந்தார்.

“துப்பாக்கி ஒண்ணும் மோசமில்லடா,” என்றார் சிக்ஸ்டன்.

“அதை வச்சுட்டு யாரு வேணாலும் அடிக்கலாம்,” என்றார் ஹோல்கர், கை கொடுத்தபடி.

வீட்டுக்கு வந்ததும் குன்னெல் உருளைக்கிழங்கை எடுத்து வைத்தாள். “சிக்ஸ்டன் அடிச்சானாமே?”

“என் துப்பாக்கி அடிச்சுது.”

“நாளைக்கும் குடுப்பியா?”

“குடுப்பேன். சொன்னது சொன்னதுதான்.”

மறுநாள் காலையில் சொன்னபடியே துப்பாக்கியைக் கொடுத்தார். குண்டுகளை எண்ணிக் கொடுத்தார். பிளாஸ்கில் சூடான காபியும் ஊற்றிக் கொடுத்தார். ஓடைக்கரையில் தானே நிற்பதாகச் சொல்லிவிட்டு, சிக்ஸ்டனை மின்மாற்றிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் ஏழாம் இடத்துக்கு அனுப்பினார்.

“அங்க காத்து படாது,” என்றார். “உன் இடுப்புக்கு நல்லது.”

அந்த வழியாகப் பன்னிரண்டு வருஷத்தில் தபால்காரரைத் தவிர வேறு எதுவும் நடந்து போனதில்லை.